சாக்ஸுக்குள் ராணி

அத்தியாயம் 9

சுண்டு புருஷன் வீட்டிலிருந்து கிளம்பி வந்தபோது அவள் பையில் நகை இருக்கும் என்று எழுதிய வாசகர்களுக்கும், வீட்டுப் பத்திரம் இருக்கும் என்று அடித்துச் சொன்ன வாசகர்களுக்கும் போன வாரமே பதில் கிடைத்துவிட்டது. இரண்டு மாற்றுத்துணி, போன் சார்ஜர், ஒரு கண்ணாடிக் குழாய். குழாயின் அடியில் தண்ணீர், தண்ணீர் வராமல் ஒரு பஞ்சு, அதற்கு இந்தப் பக்கம் ஒரு ராணி எறும்பு, வாயில் இன்னொரு பஞ்சு. நான்கு வருடக் குடித்தனத்திலிருந்து அவள் எடுத்து வந்தது அவ்வளவுதான்.

அதுவும் அவளுடையது இல்லை. புருஷனுடையது.

அவர் பல்செட் செய்கிறவர். ஊராருக்கெல்லாம் சிரிப்பு செய்து கொடுக்கிற மனிதர் வீட்டுக்கு ஒரு சிரிப்பு கொண்டு வந்ததில்லை என்பது சுண்டுவின் பழைய புகார். முதல் மழை பெய்த மறுநாள், வேலை செய்யும் இடத்துப் படிக்கட்டில் சிறகு உதிர்த்துவிட்டுத் தடுமாறிக்கொண்டிருந்த ராணியை அவர் கண்டெடுத்தார். மூன்று சாயங்காலம் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் சுண்டு கேட்டாள், "நான் இல்லேன்னா உங்களுக்கு என்ன குறையும்?" அவர் ஒரு விரலைத் தூக்கி, "ஷ்" என்றார்.

காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை, ஒரு வங்கியின் தொலைபேசியில் உட்கார்ந்து ஊர்பேர் தெரியாதவர்களின் குறைகளையெல்லாம் பொறுமையாகக் கேட்கிறவள் அவள். அவள் குறையைக் கேட்க வீட்டில் ஓர் ஆள் இல்லை. எழுந்தாள், குழாயை எடுத்தாள், பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஏன் அதை எடுத்தோம் என்று இன்றுவரை அவளுக்கே விளங்கவில்லை.

வந்து ஒன்பது நாள் ஆகிறது, வேலைக்கு லீவு. ஐந்தாம் நாள் ராணி முட்டையிட்டது. அன்றைக்கே சுண்டு குழாயை அண்ணியின் கையில் கொடுத்துவிட்டாள்.

"நீங்கதான் நர்ஸ். நீங்களே பாத்துக்கோங்க அண்ணி. என் கை பட்டா எதுவும் நிலைக்கறதில்லை."

கொடுத்த இடம் தப்பு என்று அப்போது யாருக்குத் தெரியும்?

*

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அண்ணி நடு அறை அலமாரியைத் திறந்தாள். கதவு வீல் என்று கத்தியது.

"யாரு வந்திருக்கா?" என்று குளியலறையிலிருந்து அண்ணனின் குரல் வந்தது.

இந்த வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலிருக்கும் லிஃப்டுக்கெல்லாம் எண்ணெய் போடுகிறவர் சொந்த வீட்டுக் கதவுக்கு ஒரு சொட்டு விட்டதில்லை. வாசல் கதவும் அலமாரிக் கதவும் ஒரே குரலில் கத்தும். எது திறந்தாலும் அண்ணன் விருந்தாளியை வரவேற்கத் தயாராகிவிடுவார்.

"ஒருத்தரும் வரல. நான்தான்," என்றாள் அண்ணி.

போர்வைகளுக்கு நடுவே அண்ணனின் கறுப்பு சாக்ஸ் ஒன்று படுத்திருந்தது. அதற்குள்தான் ராணி. இருட்டாக இருக்க வேண்டும் என்று மாப்பிள்ளை போனில் எழுதியிருந்தார். இதைவிட இருட்டான இடம் இந்த வீட்டில் இல்லை என்று அண்ணி முடிவு செய்துவிட்டாள். துவைத்த சாக்ஸ்தான், ஆனாலும் அண்ணனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

அண்ணி சாக்ஸை உருவினாள். டார்ச்சை அடித்தாள். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பத்தொன்பது வருடம் வார்டில் வேலை பார்த்த கை போட்ட கோடுகள் அதில். தேதி, நேரம், முட்டை, அசைவு, பஞ்சின் ஈரம், கையொப்பம். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்து எழுத வேண்டும் என்பது அவள் வைத்த சட்டம். யாரும் கேட்கவில்லை. நோயாளியை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

காலை 6. முட்டை 5.

முந்தின நாள் ராத்திரி ஆறு. திங்கட்கிழமை அவள் கையில் வந்தபோது பதினொன்று.

"என்னங்க," என்றாள், தலை துவட்டிக்கொண்டு வந்த அண்ணனிடம். "நீங்க இந்த அலமாரியைத் திறந்தீங்களா?"

"என் சாக்ஸைத் தேடித் திறந்தேன். ஒண்ணுதான் கிடைச்சுது. ஒத்தைச் சாக்ஸோட வேலைக்குப் போனேன்."

"குழாயைத் தொட்டீங்களா?"

"அதைத் தொட்டா நீ என் கையைக் கழுவச் சொல்லுவே. எதுக்குத் தொடறேன்?"

"முட்டை குறையுது. பஞ்சு அப்படியே இருக்கு. கண்ணாடியில கீறல் இல்ல. ஆறு முட்டையைக் காணோம்."

அண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு யோசித்தார். அவருக்கு இதைப் பார்த்துச் சிரிப்பதா, பயப்படுவதா என்று தெரியவில்லை. மனைவி அவரைப் பார்த்த பார்வையில் திருட்டுப் பட்டம் பாதி கட்டப்பட்டிருந்தது.

"முட்டையை நான் என்னடி பண்ணப் போறேன்?" என்றார் கடைசியில்.

*

எட்டு மணிக்கு சுண்டு போனைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

ஒன்பது நாளில் அவள் புருஷனிடமிருந்து பன்னிரண்டு செய்தி வந்திருந்தது. இருட்டில் இருக்கிறதா. பஞ்சு காய்ந்துவிட்டதா. குலுக்காமல் எடுத்துப் போனாயா. பன்னிரண்டும் எறும்பைப் பற்றி. "எங்கேயாவது என்னைப் பத்தி ஒரு வார்த்தை இருக்கா பாருங்க," என்று சுண்டு அண்ணியிடம் நீட்டுவாள். அண்ணி கண்ணாடி போட்டுக்கொண்டு தேடுவாள். இருக்காது.

இது பதின்மூன்றாவது. அண்ணி சத்தமாகப் படித்தாள்.

"இன்று நாலரைக்கு வருகிறேன். முட்டை இருந்தால் ஒரு மாதத்துக்கு அசைக்கக் கூடாது, அங்கேயே இருக்கட்டும். முட்டை இல்லையென்றால் ராணியை எடுத்துப் போகிறேன்."

"எதுக்கு வர்றார் அண்ணி? எறும்புக்கா, எனக்கா?"

"ரெண்டுக்கும்தான் இருக்கும்," என்றாள் அண்ணி. அவளுக்கும் தெரியவில்லை.

"எறும்புக்கு மட்டும்னா, எடுத்துக்கிட்டுப் போனதுக்கு அப்புறம் எங்களுக்குள்ள பேசறதுக்கே ஒண்ணுமில்ல. பன்னெண்டு மெசேஜும் அதனாலதானே வந்துச்சு? எனக்கும் சேர்த்துன்னா, வா போகலாம்னு கேப்பார். நான் இன்னைக்கே ஏதாவது சொல்லியாகணும். வர்றேன்னு சொல்லத் தோணல. வரமாட்டேன்னும் சொல்லத் தோணல." சுண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஒரு மாசம் கிடைச்சா யோசிச்சுடுவேன். முட்டை இருந்தா ஒரு மாசம். நல்லவேளை, பதினொண்ணு இருக்கு."

அண்ணி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பதினொன்று என்பது திங்கட்கிழமைக் கணக்கு என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வார்டில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறாள். இது சொந்த நாத்தனார்.

"ஆமா," என்றாள். "இருக்கு."

பொய் இல்லைதான். ஐந்து இருந்தது.

*

நோயாளி மோசமாகும்போது என்ன செய்வார்கள்? அடிக்கடி பார்ப்பார்கள். அண்ணிக்கு அன்று வார விடுமுறை. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்பதை இரண்டு மணி நேரமாக்கினாள்.

எட்டு மணிக்கு நாலு. பத்து மணிக்கு மூன்று.

பத்து மணிக்கு அவளுக்கு இன்னொரு சந்தேகமும் வந்தது. இந்த ஜீவன் வந்ததிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லையே. சாப்பாடு வேண்டாம், உதிர்ந்த சிறகுக்கு இருந்த தசையைக் கரைத்தே அது குஞ்சுகளை வளர்க்கும் என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். எழுதினால் ஆயிற்றா? பிள்ளை பெற்றவளைப் பட்டினி போடுகிற நியாயம் எந்த வார்டிலும் கிடையாது. குளுக்கோஸைக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, பஞ்சை மெல்ல விலக்கி, கடுகளவு சொட்டு ஒன்று வைத்தாள்.

ராணி சொட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முட்டைகளைச் சுற்றிச் சுற்றி ஓடியது.

"பாவம், பசி மயக்கம்," என்று அண்ணி சொல்லிக்கொண்டாள்.

பன்னிரண்டு மணிக்கு இரண்டு. நடுவில் சுண்டு இரண்டு தடவை வந்து, "ராணி எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனாள். முட்டையைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காதது அண்ணிக்கு நிம்மதியாகவும் இருந்தது, கேட்டிருக்கலாம் என்றும் இருந்தது.

இரண்டு மணிக்கு டார்ச் அடித்தபோது அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒற்றை முட்டையை ராணி வாயில் கவ்விக்கொண்டு, மூலையில் ஒண்டியிருந்தது. என்ன இருந்தாலும் தாயல்லவா, ஒன்றையாவது காப்பாற்றப் பார்க்கிறது என்று உருகிப்போனாள். தாளில் எழுதினாள்: முட்டை 1. அசைவு: குழந்தையை வாயில் வைத்திருக்கிறாள்.

எழுதிவிட்டுப் பார்த்தாள். ராணி எறும்பை எப்போதிருந்து அவள், இவள் என்று எழுத ஆரம்பித்தோம் என்று தெரியவில்லை.

*

மாப்பிள்ளை வருகிறார் என்று அண்ணன் மூன்று மணிக்கே வேலையிலிருந்து வந்துவிட்டார். இரண்டு காலிலும் சாக்ஸ் இல்லை. சட்டை மாற்ற அலமாரியைத் திறந்தவர் கதவில் ஒட்டியிருந்த தாளின் முன்னால் நின்றார். நின்றவர் நின்றவர்தான்.

லிஃப்ட் மெக்கானிக்குகள் முதலில் படிப்பது பழுதுப் புத்தகத்தைத்தான். எந்தத் தேதியில் நின்றது, எந்த மாடியில் நின்றது, அப்போது உள்ளே யார் இருந்தார்கள். எந்திரத்தைத் தொடுவது அப்புறம்.

"இங்க வா," என்றார் மனைவியை. "புதன்கிழமை என்ன?"

"என்ன, புதன்கிழமை?"

"காலை ஆறுக்கு எட்டு முட்டை. அடுத்தது ராத்திரி ஒன்பதுக்குத்தான் எழுதியிருக்கே. அதுலயும் எட்டு."

"அன்னைக்கு எனக்கு டபுள் ட்யூட்டி. இந்தப் பக்கமே வரல. சுண்டுகிட்ட போன்ல கேட்டேன், அலமாரியை ஒருத்தரும் திறக்கலன்னா."

"அதான் கேக்கறேன். பதினஞ்சு மணி நேரம் யாரும் பாக்கல. ஒண்ணுகூடக் குறையல." அவர் விரல் கீழே இறங்கியது. "நேத்து நாலு தடவை பாத்தே. ரெண்டு குறைஞ்சுது. இன்னைக்கு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் ஒண்ணு."

அண்ணி அந்த வரிகளை மறுபடி ஒரு தடவை படித்தாள்.

"லிஃப்ட் வரலன்னா பட்டனை அழுத்திக்கிட்டே நிப்பாங்க. அழுத்த அழுத்த ஒரு நாள் அந்தப் பட்டன்தான் போகும். நீ டார்ச் அடிக்கிறே, அது பயப்படுது. பயந்தா தன் முட்டையைத் தானே..."

"வாயில வச்சிருந்துது," என்றாள் அண்ணி மெல்ல. "ரெண்டு மணிக்கு. நான் கொஞ்சறதுன்னு நெனச்சேன்."

இருவரும் அந்தக் கறுப்பு சாக்ஸைப் பார்த்தார்கள். அண்ணன் மனைவியின் தோளில் கை வைத்தார். வைத்த கையை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தார். கட்டிலில் படுத்திருக்கும் யாருக்கும் அவள் பார்வையால் கெடுதல் வந்ததில்லை. பார்க்காமல் போய்த்தான் உயிர் போகும் என்று படித்தவள் அவள். பார்த்ததால் போயிற்று என்றால் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

"சுண்டுகிட்ட சொல்லணும்," என்றாள்.

"சொல்லிடு."

"முதல்ல அந்த ஒண்ணு இருக்கான்னு..."

"பாக்காதேன்னுதானே இவ்வளவு நேரம் சொன்னேன்."

"தெரியாம எப்படிங்க சொல்றது?"

நாலு மணிக்கு அவள் கடைசியாக ஒரு தடவை பார்த்தாள். தப்பு என்று தெரிந்தே பார்த்தாள். ராணி மட்டும் நடுக்குழாயில் நின்று மீசையை வழித்துக்கொண்டிருந்தது. அண்ணி பேனாவை எடுத்தாள். எழுதாமல் விட்டிருக்கலாம். தாளையே கிழித்திருக்கலாம். ஆனால் பார்த்ததை எழுதாமல் விட்ட நாள் அவள் வேலையில் ஒன்றுகூட இல்லை.

மாலை 4. முட்டை 0. கையொப்பம்.

சுண்டுவின் அறைப் பக்கம் இரண்டு எட்டு வைத்திருப்பாள். வாசல் மணி அடித்தது. எந்த இடத்துக்கும் தாமதமாகவே போகிற மாப்பிள்ளை இன்றைக்கு அரைமணி முன்னாலேயே வந்து நின்றார்.

*

"வாங்க மாப்ளே, வாங்க. பஸ்ல உக்கார இடம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது மச்சான்."

"வெயில் எப்படி?"

"இருக்கு."

அண்ணனின் கேள்விகள் தீர்ந்துவிட்டன. மாப்பிள்ளை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மடியில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பெட்டியை வைத்துக்கொண்டிருந்தார். ராணியைக் குலுங்காமல் எடுத்துப் போக அவரே அறுத்துச் செய்தது. நகக்கண்ணில் பல்செட் செய்கிற மாவு வெள்ளையாக ஒட்டியிருந்தது. ஒன்பது நாளில் கொஞ்சம் இளைத்திருந்தார், அல்லது சட்டை பெரிதாக இருந்தது.

சுண்டு வந்து எதிர் மூலையில் உட்கார்ந்தாள். இருவரும் மாற்றி மாற்றி மேஜை விரிப்பைப் பார்த்தார்கள்.

"எங்க வச்சிருக்கீங்க அக்கா?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

அண்ணி அவரை நடு அறைக்கு அழைத்துப் போனாள். அலமாரிக் கதவு கத்தியது. திறந்த கதவு அவர் முகத்துக்கு நேராக அந்தத் தாளைக் கொண்டு வந்து நிறுத்தியது. அதைக் கழற்றி வைக்க வேண்டும் என்று அண்ணிக்குத் தோன்றவே இல்லை. தாளைக் கழற்றுகிற புத்தி அவளுக்கு இருந்திருந்தால் பூஜ்யத்தை எழுதியிருக்கவே மாட்டாள்.

அவர் முதல் வரியிலிருந்து படித்தார். ஒவ்வொரு வரிக்கும் விரல் இறங்கியது. புதன்கிழமையில் கொஞ்சம் நின்றது. வெள்ளிக்கிழமையில் வெகுநேரம் நின்றது. பெரிய டாக்டர் முன்னால் நிற்கிற பயிற்சி நர்ஸ் மாதிரி அண்ணி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"தம்பி, நான்தான்..."

அவர் ஒரு விரலைத் தூக்கினார். சுண்டு சொல்லிச் சொல்லிக் காட்டிய அதே விரல். ஆனால் அண்ணிக்கு அது அதட்டலாகப் படவில்லை. என்னவாகப் பட்டது என்றும் அவளால் சொல்ல முடியவில்லை.

சாக்ஸை அவர் தொடவே இல்லை. கதவைச் சாத்திவிட்டுக் கூடத்துக்கு வந்தார்.

"முட்டை இருக்கு," என்றார் சுண்டுவைப் பார்த்து. "அசைக்க வேண்டாம். இங்கயே இருக்கட்டும்."

அண்ணிக்குத் தான் கேட்டது சரிதானா என்று சந்தேகம் வந்தது. அண்ணன் அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"எவ்வளவு நாளைக்கு?" என்றாள் சுண்டு.

"ஒரு மாசம்."

"அப்புறம்?"

"குட்டி எறும்புங்க வந்தா அதுங்களே ராணியைப் பாத்துக்கும்."

"வரலைன்னா?"

"வரலைன்னாலும் ராணி இருக்கும்ல. மறுபடி வைக்கும்." கொஞ்சம் நிறுத்தினார். "யாரும் தொந்தரவு பண்ணாம இருந்தா."

"வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையா?"

அவர் கட்டைவிரல் நகத்திலிருந்த மாவைச் சுரண்டினார். சுரண்டிக்கொண்டே இருந்தார். அண்ணி கொண்டு வந்து வைத்த டீ ஆறி ஆடை கட்டியது, மணி ஐந்தும் தாண்டியது.

"அன்னைக்கு நீ கேட்டது காதுல விழுந்துச்சு," என்றார். "பதில் தெரியல. தப்பா ஏதாவது சொல்லிடுவேனோன்னு பயம். அதான் அப்படிச் சொன்னேன்."

"இப்பத் தெரியுதா?"

"ஒன்பது நாளா யோசிக்கிறேன். நிறைய குறையுது. என்னென்னன்னு இன்னும் முழுசாத் தெரியல."

இதற்குக் கோபப்படுவதா அழுவதா என்று சுண்டுவுக்குத் தெரியவில்லை. தொலைபேசியில் ஆயிரம் பேருக்கு நொடியில் பதில் சொல்கிறவள், மேஜை விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள். அவர் எழுந்தார். எல்லோரிடமும் தலையசைத்தார். வாசல் கதவு கத்தியது. அவர் போய்விட்டார்.

வா என்று கேட்கவில்லை.

*

"எத்தனை அண்ணி?" என்றாள் சுண்டு, கதவைப் பார்த்தபடியே.

இந்தத் தடவை அண்ணி அடுப்புப் பக்கம் திரும்பவில்லை. "ஒண்ணுமில்ல. பதினொண்ணும் போச்சு. நான் பாத்துப் பாத்தே போச்சு. மன்னிச்சுடு."

"நீங்க மட்டும் இல்ல. இன்னைக்கு நீங்க குளிக்கப் போனப்ப ஒரு தடவை, அப்புறம் ரெண்டரைக்கு நீங்க மாடிக்குத் துணி எடுக்கப் போனப்ப ஒரு தடவை, நானும் திறந்தேன். ஒண்ணுதான் இருந்துச்சு. கேட்டா அதுவும் போயிடுமோன்னு உங்ககிட்ட கேக்கல."

அண்ணி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பழி பாதியாகக் குறைந்ததில் அவளுக்கு ஓர் ஆறுதல் வந்தது; வந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

"அப்போ அவர் ஏன் இருக்குன்னு சொன்னார்?" என்றாள் சுண்டு. "தாளைப் படிச்சாரா?"

"வரி விடாம."

"என்னைக் கூட்டிட்டுப் போக இஷ்டமில்ல. அதான் சாக்கு."

"இல்ல, உனக்கு ஒரு மாசம் டைம் குடுத்துட்டுப் போறார்," என்றாள் அண்ணி.

"ஒருவேளை படிச்சது அவருக்குப் புரியலையோ என்னமோ," என்றார் அண்ணன். இரண்டு பேரும் முறைத்த முறைப்பில் அவர் எழுந்து செருப்பு வைக்கும் பக்கம் போனார். போனவர் அங்கிருந்தே கூப்பிட்டார்.

"அடடா, பெட்டியை மறந்துட்டுப் போயிட்டார்."

செருப்பு அலமாரியின் மேல் தெர்மாகோல் பெட்டி சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. சுண்டு திறந்தாள். குழாய் படுக்க அளவெடுத்துச் செதுக்கிய பள்ளம். அந்தப் பள்ளத்தில், இரண்டாக மடித்த ஒரு பஸ் டிக்கெட். இன்றைய தேதி. ஆறரை மணி. பதினெட்டாம் இருக்கை.

"போச்சு, டிக்கெட்டையும் விட்டுட்டுப் போயிட்டாரா?" அண்ணன் சட்டையைத் தேடினார். "குடு, ஓடிப் போய்க் குடுத்துடறேன்."

"அண்ணா, இரு." சுண்டுவின் குரல் மாறியிருந்தது. "அந்த பஸ்ல பதினெட்டு ஜன்னலோரம். அவர் பதினேழுலதான் உக்காருவார். நாலு வருஷமா அப்படித்தான்."

இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறார் என்றால் கூட்டிப் போகத்தான் வந்திருக்கிறார். கூட்டிப் போக வந்தவர் ஏன் முட்டை இருக்கிறது என்று பொய் சொன்னார்? பொய் சொல்லி ஒரு மாதம் கொடுத்தவர் ஏன் இன்றைய டிக்கெட்டை விட்டுப் போனார்? விட்டுப் போனாரா, மறந்து போனாரா?

"மறதிக்காரரா அவர்?" என்றார் அண்ணன்.

"ஒரு பல்லை மறந்ததில்ல. ஆனா மூணு குடையைத் தொலைச்சிருக்கார்," என்றாள் சுண்டு. டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்ன அர்த்தம் அண்ணி இதுக்கு? நீங்க சொல்லுங்க. நான் என்ன பண்ண?"

மணி ஐந்து ஐம்பது. பஸ் நிலையத்துக்குப் பத்து நிமிட நடை.

அண்ணிக்கு வாயில் ஆறு பதில் வந்தது. போ என்று ஒன்று, இரு என்று ஒன்று, போன் பண்ணிக் கேள் என்று ஒன்று. சுண்டுவின் முகத்தைப் பார்த்தாள். கண் சிவந்திருக்கிறதா, கை நடுங்குகிறதா என்று பார்க்க ஆரம்பித்த தன் கண்ணை வலுக்கட்டாயமாகத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியல சுண்டு," என்றாள். "நான் பாத்திரம் கழுவறேன்."

அண்ணனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அவரை ஸ்டூலில் உட்கார வைத்தாள். கூடத்து விளக்கைப் போகிற போக்கில் அணைத்துவிட்டாள்.

ஆறு மணி ஆயிற்று. அவள் கை பழக்கத்தில் டார்ச்சைத் தேடிப் போய், வெறுங்கையாகக் குழாயடிக்குத் திரும்பி வந்தது. அலமாரிக் கதவில் ஆறு மணிக்கான கட்டம் காலியாக இருந்தது. பத்தொன்பது வருடத்தில், பக்கத்திலேயே இருந்தும் அவள் காலியாக விட்ட முதல் கட்டம்.

நாலு டம்ளரைக் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள். கூடத்தில் நாற்காலி நகர்ந்தது. காலடி எந்தப் பக்கம் போகிறது என்று தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை. பிறகு வீல் என்று ஒரு கதவு கத்தியது.

வாசல் கதவா? இல்லை, அலமாரிக் கதவா?

"யாரு?" என்று அண்ணன் எழுந்தார்.

அண்ணி ஈரக்கையால் அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவள் கண் மூடியிருந்தது.

"பாக்காதீங்க," என்றாள்.